கன்பஸ்டர், ஸ்ட்ரைக் விட்ச்சஸ், டோக்கியோ மியூ மியூ: எதைப் பார்க்கலாம்?

வேற்றுக்கிரகத்துப் படை வருகிறது, தடுக்கப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கிளம்புகிறார்கள். ஜப்பானில் இந்த ஒருவரிக் கதையை வைத்து வந்த அனிமேவும் (அனிமேஷன் படம்) மங்காவும் (சித்திரக்கதை) ஏராளம். எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் கையில் மூன்று பெயர்கள் உண்டு. மூன்றிலும் சண்டைக்குக் குறைவில்லை. சண்டைக்குப் போகிறவள் எதை இழக்கிறாள் என்று பார்த்தால்தான் தராதரம் பிடிபடும்.

‘கன்பஸ்டர்’ 1988-89ல் கைனாக்ஸ் ஸ்டுடியோ எடுத்த அனிமே. தொலைக்காட்சிக்குப் போகாமல் நேராக வீடியோவில் வந்த ஆறே எபிசோட். பிற்பாடு ‘எவாஞ்சலியன்’ என்ற புகழ்பெற்ற அனிமே தொடரைத் தந்த ஹிதேயாகி அன்னோ இயக்குநராக அறிமுகமானது இதில்தான். முதல் எபிசோடைப் பார்த்தால் தேறாத கேஸ் என்றே தோன்றும். ஒகினாவாவில் ஒரு பெண்கள் பள்ளி, அங்கே ராட்சத ரோபோக்கள் உடற்பயிற்சி செய்கின்றன, ஒரு கண்டிப்பான கோச், வயிற்றெரிச்சல் பிடித்த சீனியர்கள். அடுத்த எபிசோடிலேயே கதை நிமிர்ந்து உட்காருகிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும் கப்பலில் காலம் மெதுவாக நகரும் என்ற ஐன்ஸ்டீன் கணக்கை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

நாயகி நோரிகோ விண்வெளிக்குப் போய்த் திரும்புகிறாள். அவளுக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. பூமியில் பத்து வருடம் ஓடிவிட்டது. உயிர்த்தோழி கிமிகோ ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. நோரிகோ இப்போதுதான் பள்ளிப் படிப்பையே முடிக்கிறாள். இரண்டு பேரும் பழையபடி பேசப் பார்க்கிறார்கள். அக்கா அக்கா என்று நோரிகோ சுற்றிவந்த சீனியர் கஸுமியும் அடுத்தடுத்து வயதில் எங்கோ போய்விடுகிறாள். வியாழன் கிரகத்தையே நசுக்கி வெடிகுண்டாக்கும் கடைசி எபிசோட் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு வெள்ளை. அவ்வளவு பெரிய போர் நடக்கும்போதும் எதிரியைவிடக் கடிகாரம்தான் நம்மைப் பயமுறுத்துகிறது.

‘ஸ்ட்ரைக் விட்ச்சஸ்’ தொலைக்காட்சித் தொடராக வந்தது 2008ல். இரண்டாம் உலகப் போருக்குப் பதில் நியூராய் என்ற வேற்றுலகப் படையோடு போர்; 1944, காலில் மாட்டும் எந்திரத்தோடு பறக்கும் சூனியக்காரிகள். நாயகிகள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நிஜ விமானி இருக்கிறார். எரிகா ஹார்ட்மன் என்றால் 352 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் எரிக் ஹார்ட்மன். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவள் இரவில் பறக்கும் சான்யா. மற்றவர்களின் மூலவர்கள் எல்லாம் ஆண்களாக இருக்க, இவளுடைய மூலம் மட்டும் உண்மையிலேயே ஒரு பெண்: 1943ல் தன் 21வது வயதில் வானில் மறைந்த சோவியத் போர் விமானி லிடியா லிட்வியாக்.

இங்கேயும் கடிகாரம் இருக்கிறது. இருபது வயதை நெருங்கினால் மந்திர சக்தி வடிந்துவிடும். கூட்டத்தில் மூத்தவர்களில் ஒருத்தியான சகமோட்டோ தன் மந்திரக் கேடயம் பலவீனமாவது தெரிந்தும் பறக்கிறாள். அருமையான முடிச்சு! கதை அங்கே நிற்கவேண்டாமா? கேமரா வேறு வேலைக்குப் போய்விடுகிறது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பாவாடையில்லாமல் பறக்கவிட்டு இவர்கள் வைக்கும் கோணங்கள் எனக்கு ஒப்பவே ஒப்பாது. ஹாலில் போட்டுப் பார்க்கவும் முடியாது.

‘டோக்கியோ மியூ மியூ’ சிறுமிகளுக்கான ‘நகயோஷி’ இதழில் 2000 முதல் 2003 வரை வந்த மங்கா. கதை ரேய்கோ யோஷிதா, ஓவியம் மியா இகுமி. அருகிவரும் விலங்குகளின் மரபணு ஐந்து பெண்களின் உடம்பில் ஏறுகிறது. நாயகி இச்சிகோவுக்கு வாய்த்தது இரியோமோட்டே தீவின் காட்டுப்பூனை. இழப்பு என்று இங்கே பெரிதாக ஒன்றுமில்லை, படபடப்பு வந்தால் பூனைக்காது முளைக்கும், அவ்வளவுதான். ஆனால் எதிரி விஷயத்தில் மற்ற இரண்டையும் இது தூக்கிச் சாப்பிடுகிறது. வருகிறவர்களின் மூதாதையர் பூமியில் வாழ்ந்தவர்கள். தாங்கள் விட்டுப்போன இடத்தை மனிதர்கள் பாழாக்கிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். கன்பஸ்டரின் விண்வெளி அரக்கர்களிடமும் நியூராயிடமும் இப்படி ஒரு நியாயத்தைக் கேட்க முடியாது.

வீட்டில் பத்து வயதுப் பெண் இருந்தால் மியூ மியூ மங்காவை வாங்கிக் கொடுங்கள். விமானப் பைத்தியங்கள் முகம் சுளித்துக்கொண்டே ஸ்ட்ரைக் விட்ச்சஸ் பார்க்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கன்பஸ்டர். 2004ல் தொடங்கிய அதன் அடுத்த பாகம் ‘டைபஸ்டர்’ கண்ணுக்கு இன்னும் பளபளப்பாக இருக்கும். அதற்காக அதை முதலில் போட்டுவிடாதீர்கள். முதல் பாகத்தின் கடைசி நிமிடத்தைப் பார்க்காதவருக்கு அதன் முடிவு பாதிகூடப் புரியாது.