செத்த பற்றரியும் 20 லீற்றர் பெற்றோலும்

கல்லடியில் வீடு, கல்முனையில் வேலை. போக வர 75 கிலோமீற்றர் வரும். அந்த ஓட்டத்துக்காகவே 2018 இல் பாவித்த கார் ஒன்றை வாங்கினேன். 2012 மொடல், ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினோடு பற்றரியில் ஓடும் மோட்டரும் சேர்ந்தது. கம்பனிப் பெயர் வேண்டாம். பின் சீற்றுக்கு அடியில் பற்றரி இருக்கிற சின்ன ஜப்பான் கார் என்றால் ஊரில் பாதிப் பேர் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

முதல் மூன்று வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒயில் மாற்றினேன், டயர் மாற்றினேன், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடியது. 2021 கார்த்திகை மழைக்குள் ஓந்தாச்சிமடம் தாண்டும்போது டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கராஜில் ஸ்கேன் அடித்தார்கள். பி0ஏ80 என்று வந்தது. ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது என்பதற்கான கோட் அது.

பெட்டியைத் திறந்து காட்டினார் கராஜ் நானா. உள்ளே 20 மொடியூல், கராஜ் பாஷையில் செல், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற். அதில் ஒன்று படுத்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போனது செல்லைப் பார்த்து அல்ல, காற்றாடியைப் பார்த்து. கடற்கரை மணலும் பிள்ளைகள் கொட்டிய பிஸ்கட் தூளும் அடை மாதிரி அப்பியிருந்தன. பற்றரியைக் குளிர வைக்கும் காற்று, பின் சீற்றின் ஓரத்தில் கீழே இருக்கிற சின்ன வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வாயை மறைத்துத்தான் நான் மூன்று வருடமாகப் புத்தகப் பையை வைத்து வந்திருக்கிறேன். மட்டக்களப்பு வெயிலில் காற்றும் போகாவிட்டால் எந்தப் பற்றரி தாங்கும்? இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த இடத்தைப் பாருங்கள். துப்பரவு செய்யச் செலவே இல்லை.

“தம்பி, ஒண்டு செத்தா மத்ததும் வரிசையில நிக்கிது எண்டு அர்த்தம். ஒண்ட மட்டும் மாத்துறது உங்கட விருப்பம்” என்றார் நானா. நான் கேட்கவில்லை. 25,000 ரூபாவுக்கு ஒரு செல்லை மட்டும் மாற்றினேன். நான்கு மாதம் ஓடியது. அப்புறம் அதே முக்கோணம், வேறு செல். அதற்குள் லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டது. அந்த 25,000 தண்ணீரில் போட்ட காசு.

முழுப் பற்றரிக்கும் புதுச் செல் போட 3 இலட்சத்து 20 ஆயிரம் கேட்டார்கள். “மறுகா ஏன் இந்தக் காரக் கட்டி அழுறீங்க, குடுத்துத் தொலைங்களன்” என்றார் மனைவி. புறோக்கர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சந்தை விலையிலிருந்து 10 இலட்சத்தைக் கழித்து விலை சொன்னார். திருத்தினால் 3.2, திருத்தாமல் விற்றால் நட்டம் 10. இந்த இடத்திலேயே பாதி முடிவு வந்துவிட்டது. மீதிப் பாதி, விற்றபின் எதை வாங்குவது என்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலையெல்லாம் ஏறி நின்றது. அந்தக் காசுக்குக் கிடைப்பதும் யாரோ ஒருவருடைய பழைய பற்றரிதான்.

2022 ஜூனில் கடன்பட்டு முழுப் பற்றரியையும் மாற்றினேன். அடுத்த மாதமே பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். 12 ஓடும் கார் என்றால் அது மூன்று நாள் வேலைக்குத்தான் போதும். 20 ஓடும் கார் 400 கிலோமீற்றர் போகும், ஐந்து நாளும் போய்வந்து கொஞ்சம் மிஞ்சும். நான் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை, நேரம் அப்படி அமைந்தது. சாதாரணப் பெற்றோலே லீற்றர் 470 ரூபா வரை போன காலம் அது.

அதன்பின் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். திருத்தச் செலவை காரின் விலையோடு ஒப்பிடுவதில்லை, அது எத்தனை மாத ஓட்டம் தரும் என்று பிரித்துப் பார்க்கிறேன். பற்றரி 36 மாதம் தாண்டியும் ஓடுகிறது, ஆக மாதம் 9,000 ரூபா கூட வரவில்லை. அந்தக் காசுக்கு லீசிங்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இந்தக் கணக்கில் தேறாதவற்றை விட்டுவிட்டேன். பொனெற்றில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, இடது பின்கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். ஆனால் முன் சில்லைத் தாங்கும் கையின் ரப்பர் (லோவர் ஆம் புஷ்), டயர், வெள்ளத்துக்குள் ஓடினால் மறுநாளே அடிப்பக்கம் கழுவுவது, இவற்றில் கஞ்சத்தனம் இல்லை. உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடித்தால் புதுப் பற்றரி இருந்தும் பயனில்லை.

இப்போது பிரேக்கின் முறை. மிதிக்காமல் நிற்கும்போதே பிரேக் பம்ப் அடிக்கடி உர்ரென்று ஓடி நிற்கிறது. உள்ளே அழுத்தம் நிற்கவில்லையாம். வேறொரு காரில் கழற்றிய பாகம் 1 இலட்சத்து 80 ஆயிரம். பழைய கணக்கின்படி அது 20 மாதமாவது உழைக்க வேண்டும். நானாவிடம் கேட்டேன். “பற்றரிக்கு ‘உங்கட விருப்பம்’ எண்டு சொன்ன மாதிரி இதுக்குச் சொல்லமாட்டன் தம்பி” என்று சிரித்தார். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டாலும், வரியோடு வரும் விலை எனக்கு எட்டாது. மாற்றத்தான் போகிறேன். பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை கார் கராஜில் நிற்கிறது. நான் கல்லடிப் பாலத்தடியில் கல்முனை பஸ்ஸுக்கு நிற்கிறேன்.