கியூஆர் குறியீடா, நன்கொடைப் படிவமா?

இணையதளத்தைப் புதுப்பிக்கும் சிறு அறக்கட்டளைகள் பல, முகப்பில் யுபிஐ கியூஆர் குறியீட்டை மட்டும் வைப்பதா, பேமெண்ட் கேட்வேயுடன் (இணையத்தில் பணம் பெற்றுத்தரும் சேவை) இணைந்த படிவத்தை அமைப்பதா என்று தயங்குகின்றன.

செலவு: குறியீட்டுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை, படிவத்தின் வழியே அட்டையில் வரும் நன்கொடையில் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும்.

எளிமை: கணினித் திரையில் குறியீடு எளிது, கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்தவர் அதை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரியை எழுத்திலும் தருவது நல்லது.

வரிச்சலுகை: படிவம் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றை அப்போதே பெற்றுவிடுவதால் சான்றிதழ் வழங்குவது எளிதாகிறது, குறியீட்டில் வந்த தொகைக்கு உரியவரை வங்கிக் கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

தன்னார்வலர்: படிவத்தில் "நேரமும் தர விரும்புகிறேன்" என்ற ஒரு கட்டம் போதும், குறியீட்டில் அதற்கு வழியில்லை.

வெள்ள நிவாரணம் போன்ற அவசர வேண்டுகோளுக்குக் குறியீடு ஏற்றது. மாதந்தோறும் தருவோரை நாடும் அமைப்பு, கட்டணத்தைப் பொறுத்துக்கொண்டு படிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.