சித்திரை வெயிலுக்கு எந்த பிராசசர்?

லேப்டாப்பில் பிராசசரை மட்டும் மாற்ற முடியுமா என்று எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் முடியாது என்பார்கள். இன்று விற்பவற்றைப் பொறுத்தவரை அது சரியான பதில். பிராசசர் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013, 2014 வாக்கில் வந்த சில மாடல்களில், அது ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். தட்டைத் திருப்புளியால் ஒரு திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். என்னிடம் இருக்கும் திங்க்பேட் டி440பி லேப்டாப் அந்த ரகம். அதில் எந்தப் பிராசசரை மாற்றிப் போட்டேன், ஏன் என்பதுதான் இந்தக் கதை. நான்காம் தலைமுறையில் பிராசசர் எண்ணின் வாலில் எம் அல்லது எம்க்யூ என்றிருந்தால் கழற்றலாம். யூ, ஹெச்க்யூ என்றிருந்தால் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அது இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசசர்களை, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் ஐ5-8250யூ போட்ட பழைய லேப்டாப் ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். அதிலும் நான்கு கோர்கள்தான் (கோர் என்பது பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதி), தொடர்ந்து வேலை செய்யும்போது வெளியிடும் வெப்பம் வெறும் 15 வாட். எஸ்எஸ்டியும் போதிய ராமும் இல்லாதவர்கள் முதலில் அவற்றைப் போட வேண்டும் என்பதை இன்னொரு முறை நான் சொல்லத் தேவையில்லை.

நான் லினக்ஸில் இருக்கிறேன். காரைக்குடியில் டி.டி.பி. கடை, அதோடு பழைய அச்சுத் தாள்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியாகத் தேடக்கூடிய உரையாக்கித் தரும் வேலை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்கள் சென்னைக்குப் போய், 1994-இல் ஆராய்ச்சி நூலகம் ஆகிவிட்டன. போகாமல் வீட்டுப் பெட்டகங்களிலேயே தங்கிவிட்ட குடமுழுக்கு மலர்கள், திருமண வாழ்த்து மடல்கள், நகரச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. டெஸராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருள் தமிழ் அச்சை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தனி வேலை என்பதால், நான்கு கோர்கள் இருந்தால் நான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட விடலாம்.

லேப்டாப்போடு வந்தது ஐ5-4300எம்: இரண்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். மாற்றுக்கு மூன்று பெயர்கள் இருந்தன.

ஐ7-4600எம் பெயரளவில் ஐ7. உள்ளே அதே இரண்டு கோர்தான், வேகம் 2.9, தேவைப்படும்போது தானே ஏறும் டர்போ வேகம் 3.6. கடிதம் தட்டச்சு செய்து, இணையம் பார்ப்பவருக்கு ஒரு சிறு சுறுசுறுப்பு கூடும். அதற்காகக் காசு கொடுத்து லேப்டாப்பைப் பிரிக்க வேண்டுமா என்பது என் கேள்வி. தள்ளிவிட்டேன்.

உண்மையான போட்டி ஐ7-4712எம்க்யூவுக்கும் ஐ7-4800எம்க்யூவுக்கும்தான். இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 6 எம்பி கேஷ் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகம்). முன்னது 2.3 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.3 வரை போகும், பின்னது 2.7-இல் தொடங்கி 3.7 வரை. எண்களை மட்டும் பார்த்தால் 4800 பக்கம்தான் கை போகும். நான் 4712 வாங்கியதற்கு ஒரே காரணம், வெளியிடும் வெப்பம்: முன்னது 37 வாட், பின்னது 47 வாட்.

பத்து வாட் என்ன பெரிய விஷயம், ஒரு எல்இடி பல்பு அளவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) வெளியே தள்ளும் வெப்பம், பிராசசர் சிப்புக்கும் அறைக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். இந்தச் சிப்களின் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அறை 25 டிகிரியாக இருந்தால் வித்தியாசம் 75. ஆயா வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் வெயிலைப் பாதி வாங்கிக்கொள்ளும். என் கடை அப்படியில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே ஓர் அறை. சித்திரையில் பிற்பகல் 38 டிகிரியை அங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அப்போது வித்தியாசம் 62 ஆகிவிடுகிறது. 25 டிகிரி அறையில் 47 வாட்டைச் சரியாகச் சமாளிக்கும் ஹீட்சிங்க், 38 டிகிரியில் சுமார் 39 வாட்டைத்தான் சமாளிக்கும். ஏசி அறையில் சோதித்து எழுதும் விமர்சனங்களில் 4800 ஜெயிப்பது உண்மைதான். நம் ஊர்ப் பிற்பகலில் அந்தக் கூடுதல் பத்து வாட்டில் எட்டு காணாமல் போகிறது. மிஞ்சுவது விசிறியின் இரைச்சல்.

இது புது ஹீட்சிங்க்குக்கான கணக்கு. தூசி படிந்தால் இன்னும் குறையும், என் வேலையில் தூசிக்குப் பஞ்சமே இல்லை. எண்பது வருடத் தாளைப் புரட்டும்போது பறக்கும் பொடி நேராக விசிறிக்குள்தான் போகிறது. செம்புத் தகடுகளுக்கு முன்னால் அது கம்பளம் போலப் படிந்துவிடும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டும் காலப்போக்கில் காய்ந்துவிடும். 37 வாட் சிப் என்றால், துடைப்பதைச் சற்றுத் தள்ளிப்போட்டாலும் தாங்கும் இடைவெளி இருக்கிறது. 47 வாட்டுக்கு அந்த இடைவெளியே கிடையாது. பராமரிப்பில் கொஞ்சம் அசந்தாலும் உடனே வேகத்தில் தெரியும். (தரை குளுகுளுவென்றிருக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல்லின் மேல் லேப்டாப்பை நேராக வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் காற்று போக வழியில்லாதபோது தரையின் குளிர்ச்சி என்ன செய்யும்? நான்கு மூலைக்கும் நான்கு ரப்பர் துண்டு வையுங்கள்.)

4800-க்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் ஒரு பதில் வலுவானது. 47 வாட் சிப்பை வாங்கி, மென்பொருளால் அதை 37 வாட்டுக்குக் கட்டிப்போடலாமே என்பார்கள். போடலாம். அப்படிப் போட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஓடும் என்று நினைக்கிறேன். மார்கழியில் கட்டை அவிழ்த்துவிடும் வசதியும் கூடவே கிடைக்கும். தேடும் நேரத்தில் 4800 மலிவாகக் கிடைத்து, தானே அமைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆளாகவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். என் கடையில் லேப்டாப்பை நான் மட்டும் தொடுவதில்லை. வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் சிஸ்டத்தை மறுபடி நிறுவினால் அந்த அமைப்பு போய்விடும், போனதும் யாருக்கும் தெரியாது. வன்பொருளிலேயே 37 என்று இருந்தால் அந்தக் கவலை இல்லை.

மாற்றிய பிறகு, ஒரு மலர் முழுவதையும் எழுத்துணரிக்குக் கொடுத்தால் முன்பு பிடித்த நேரத்தில் ஏறக்குறைய பாதியில் முடிகிறது. கடிதம் தட்டச்சு செய்வது, இணையம் பார்ப்பது போன்றவற்றில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பேட்டரி நேரம் முன்புபோலவே இருக்கிறது, ஆனால் என் பேட்டரி பழையது என்பதால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். 4800-ஐ நண்பர் ஒருவரின் லேப்டாப்பில்தான் பார்த்தேன், சொந்தமாக ஒரு கோடையைக் கடத்தியதில்லை. என் மாடலில் தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது. இருக்கும் மாடல்களில் அதுவும் சேர்ந்து சூடாகும் என்பதால் 47 வாட்டுக்கு இன்னும் யோசிக்க வேண்டும். எந்த நான்கு கோர் சிப் போட்டாலும் 65 வாட் அடாப்டரை விட்டுவிட்டு 90 வாட்டுக்குப் போய்விடுவது நல்லது.

இந்தச் சிப்கள் புதிதாகக் கிடைக்காது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியவைதான் சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் விற்பனைக்கு வருகின்றன. படம் கேட்டு வாங்குங்கள். மேலே ஆங்கிலத்தில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்க வேண்டும். க்யூ என்று தொடங்கும் நான்கெழுத்துக் குறி இருந்தால் அது விற்பனைக்கு வராத சோதனை மாதிரி. விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். இந்த வகையில் ஊசிகள் சாக்கெட்டில் இல்லை, சிப்பில்தான் இருக்கின்றன, மொத்தம் 946. பார்சலைப் பிரித்ததும் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் நிமிர்த்தப் பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.