மார்ஜினாலிஸா, கொரியானஸா, பாரேசியாவா? குளத்துச் சிப்பியை இனம் பிரிப்பது

ஏரி வற்றும்போது சேற்றில் கிடைக்கும் கருஞ்சிப்பியைக் காட்டி என்ன இனம் என்று கேட்டால், உடனே வரும் பதில் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். நன்னீர் முத்து வளர்ப்பில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. ஆனால் அதே பேரினத்துப் பங்காளி லாமெல்லிடென்ஸ் கொரியானஸும், வேறு பேரினமான பாரேசியா கொருகேட்டாவும் நம் பக்கம் உண்டு.

பாரேசியாவைப் பிரிப்பது சுலபம். ஓடு சிறியது, தடித்தது, முட்டை வடிவம். லாமெல்லிடென்ஸ் நீண்டு, மெலிந்து, 10 செ.மீ. அளவுக்கும் வளரும். அளவை மட்டும் நம்பவேண்டாம், லாமெல்லிடென்ஸ் குஞ்சும் சிறியதுதானே! காலி ஓட்டைத் திறந்து, இரண்டு ஓடும் இணையும் கீலைப் பாருங்கள்; அங்கே ஒன்றோடொன்று பொருந்தும் மேடுகளைத்தான் பற்கள் என்கிறோம். பாரேசியாவில் முன்பக்கப் பற்கள் குட்டையாக, முரட்டுத்தனமாக இருக்கும்; லாமெல்லிடென்ஸில் மெல்லிய தகடு போல நீண்டிருக்கும். கீலுக்கு மேலே புடைத்திருக்கும் அம்போவில் பாரேசியாவுக்கு நெளிநெளியான வரிகள் உண்டு, மற்றதில் கிட்டத்தட்ட வழவழப்பு. வயதான ஓட்டில் அம்போ அரித்துப்போய் வெள்ளை தெரியும். அப்போது வரியைத் தேடிப் பயனில்லை, பல்லைத்தான் பார்க்கவேண்டும். உயிருள்ள சிப்பியை இதற்காக நெம்பித் திறக்காதீர்கள், தசை அறுந்து செத்துவிடும்.

சரி, தலைவலி பங்காளிகளுக்குள்தான். பாசியையும் சேற்றையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரத்தோடு வெயிலில் பிடித்தால் மார்ஜினாலிஸின் கீழ் ஓரமாக வெளிர்மஞ்சள் பட்டை ஓடுவது தெரியும். கொரியானஸில் அந்தப் பட்டை கிடையாது. ஓடும் இன்னும் நீள்வாக்காக இருக்கும். எழுத்தில் இவ்வளவு தெளிவு. கையில் எடுத்தால் பட்டை மங்கி, நீளமும் இரண்டுங்கெட்டானாக இருக்கும் ஓடுகள்தான் நிறைய. அவற்றுக்கு 'லாமெல்லிடென்ஸ்' என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதற்கு மேல் தீர்க்க டி.என்.ஏ. சோதனை வேண்டும்.

முத்து வளர்ப்பவருக்கு இந்தப் பங்காளிச் சண்டை பெரிதில்லை, இரண்டுமே அதற்கு உதவும். பாரேசியாவையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முத்து உருவாவதற்காகச் சிப்பிக்குள் கரு (சிறு மணி) வைக்க வழக்கமாக 8 செ.மீ.க்கு மேற்பட்ட சிப்பியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அளவுக்கு லாமெல்லிடென்ஸ்தான் கைகொடுக்கும்.

படம் அனுப்பிக் கேட்பதானால் வெளிப்பக்கம், அம்போ, உள்ளே கீல் என்று மூன்று படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வையுங்கள். கீல் இல்லாத படத்துக்கு நான் இனப்பெயர் சொல்வதில்லை.