ஜெர்மனி, ஆஸ்திரியாவில் தனியாக முதல் பயணம்: எந்தப் பாதை, எந்த டிக்கெட், எந்த ஊரில் தங்கல்?

ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் முதன்முறையாகத் தனியே போகிறவர்கள் போடும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. பிராங்க்பர்ட், கொலோன், பெர்லின், டிரெஸ்டன், முனிச், சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், வியன்னா. பன்னிரண்டு இரவுகளில் எட்டு ஊர்கள். இரண்டு பேராகப் போனால் இதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒருவர் பெட்டிகளோடு நிற்க, இன்னொருவர் பிளாட்பாரம் மாறிவிட்டதா என்று பார்த்து வருவார். தனியாகப் போகிறவர் பெட்டியை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். ஓடிக்கொண்டே அடுத்த ரயிலையும் தேட வேண்டும். களைத்துப்போன நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்குத் தனிப் பயணம் இனிக்கும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள போட்டிகளில் எல்லாம் அதை வைத்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

பெர்லின் பாதையா, ஆல்ப்ஸ் பாதையா?

பன்னிரண்டு இரவுகளுக்கு இரண்டு பாதைகள் நியாயமாகப் போட்டியிடுகின்றன. ஒன்று, பெர்லினில் தொடங்கி நியூரம்பர்க், முனிச், சால்ஸ்பர்க் வழியாக வியன்னாவில் முடிவது. மற்றொன்று, பெர்லினை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு முனிச், இன்ஸ்புருக், சால்ஸ்பர்க், வியன்னா என்று மலையை ஒட்டியே போவது.

பெர்லினை விடுவது எளிதல்ல. சுவரின் எச்சங்கள், முன்பதிவு செய்தால் கட்டணமின்றி ஏறிப் பார்க்கக்கூடிய நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடம், அருங்காட்சியகத் தீவு என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் அந்தத் தீவின் பெரிய ஈர்ப்பான பெர்காமன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் மூடப்பட்டது. ஒரு பகுதியை 2027இல் திறப்பதாகத் திட்டம். அதற்காகவே பெர்லின் போக நினைப்பவர்கள் இதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

தூரம் இப்போது பெரிய தடையில்லை. 2017 டிசம்பரில் புதிய அதிவேகப் பாதை திறந்த பிறகு, வேகமான ஐசிஇ ரயில் பெர்லினிலிருந்து முனிச்சுக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடுகிறது. என் தயக்கம் தாமதத்தைப் பற்றியது. 2024ஆம் ஆண்டில் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் குறித்த நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. இடையில் ரயில் மாறும்படியான திட்டத்தோடு தனியாகப் போகிறவருக்கு இந்த எண் முக்கியம்.

ஆல்ப்ஸ் பாதையில் முனிச்–இன்ஸ்புருக் இரண்டு மணி நேரத்துக்குள், இன்ஸ்புருக்–சால்ஸ்பர்க்கும் அப்படியே. சால்ஸ்பர்க்–வியன்னா சுமார் இரண்டரை மணி நேரம். எந்தக் கட்டமும் அரை நாளை விழுங்காது. ரயில் மாறவும் வேண்டாம். ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் மாலைக்குள் போய்ச் சேரலாம். மலைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இன்ஸ்புருக் ஒரு வரம். ஊரின் நடுவில், கட்டடக் கலைஞர் ஜஹா ஹதித் வடிவமைத்து 2007இல் திறந்த நிலையத்தில் மலை ரயில் ஏறி, இருமுறை கேபிள் கார் மாறினால் 2,256 மீட்டர் உயரத்தில் உள்ள ஹாஃபெலேகாரில் இறங்கலாம். கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், மேகம் சூழ்ந்தால் உடனே இறங்கிவிடலாம்.

ஆகவே முதல் பயணத்துக்கு நான் ஆல்ப்ஸ் பாதையையே சொல்வேன். இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுக்காகவே ஒருவர் போகிறார் என்றால் மட்டும் இன்ஸ்புருக்கை வெட்டிவிட்டுப் பெர்லினைச் சேர்க்கலாம். ஆனால் அந்த வரலாறு தெற்கிலும் கிடைக்கிறது. 1933இல் தொடங்கப்பட்ட டாஹாவ் வதை முகாம் முனிச் புறநகர் ரயிலும் பஸ்ஸும் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1945–46இல் நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறை நியூரம்பர்க்கில் இருக்கிறது. முனிச்சிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

எந்தப் பாதையானாலும் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று படித்துவிட்டுப் பலர் அதை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். 2015 செப்டம்பரிலிருந்தே ஆஸ்திரியாவிலிருந்து வரும் ரயில்களில் ஜெர்மன் போலீஸ் சோதனை செய்கிறது. இன்ஸ்புருக்–சால்ஸ்பர்க் ரயில்கூட, இரண்டுமே ஆஸ்திரிய ஊர்களாக இருந்தாலும், நடுவே ஜெர்மன் மண்ணைக் கடந்துதான் போகிறது.

நான்கு வகை டிக்கெட்டுகள்

இங்கேதான் பணமும் நிம்மதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆனது. ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், நகரப் பஸ் எல்லாவற்றிலும் ஒரு மாதம் போகலாம். ஐசிஇ, ஐசி, இசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டிச் சால்ஸ்பர்க் நிலையம் வரையிலும், இன்ஸ்புருக் வழியில் கூஃப்ஸ்டைன் வரையிலும் இதே டிக்கெட்டில் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இது நாள்காட்டி மாதத்துக்கு உரியது. 25ஆம் தேதி போய் அடுத்த மாதம் 6ஆம் தேதி திரும்புகிறவருக்கு இரண்டு மாதப் பணம் போய்விடும். அடுத்தது, இது சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுக்கப்படும். சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள். கிரெடிட் கார்டு ஏற்பவர்களைத் தேடி வாங்குங்கள்.

இதற்குப் போட்டி, முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான நாள் டிக்கெட். ஒருவருக்கு 30 யூரோவுக்கு மேல். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது நல்ல பேரம், ஏனென்றால் இரண்டாவது ஆளிலிருந்து ஒவ்வொருவருக்கும் சிறு தொகைதான் கூடும். தனி ஆளுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. முனிச்சைச் சுற்றி இரண்டு வெளியூர்ப் பயணம் போனாலே மாத டிக்கெட்டின் விலை வந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள் வெளியே போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

மூன்றாவது, முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட். ஜெர்மனியில் ஸ்பார்ப்ரைஸ், சூப்பர் ஸ்பார்ப்ரைஸ், ஆஸ்திரியாவில் ஸ்பார்ஷீனே. எல்லாமே குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் உரியவை. சூப்பர் ஸ்பார்ப்ரைஸை ரத்து செய்ய முடியாது. ஜெர்மனியில் ஒரு பாதுகாப்பு உண்டு: சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். நீங்களாகத் தாமதமானால் டிக்கெட் போனதுதான். விமானம் இறங்கும் நாளுக்கு இந்த வகை டிக்கெட் வாங்கவே கூடாது. குடியேற்ற வரிசை எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்காவது, பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸ். ஐசிஇயிலும் ஆஸ்திரிய விரைவு ரயிலான ரயில்ஜெட்டிலும் கட்டாய முன்பதிவு இல்லாததால், இந்த இரண்டு நாடுகளிலும் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்பது இதன் பெரிய சுகம். ஆனால் ஆல்ப்ஸ் பாதையில் நெடுந்தூரக் கட்டங்கள் மூன்றுதான், அவையும் குட்டையானவை. அதற்குப் பாஸ் போடுவது வீண். பெர்லின் பாதையில், அதிலும் நாளை எங்கே என்று இன்றுதான் முடிவு செய்வேன் என்கிறவருக்கு, அது சரியான தேர்வு.

நான் பரிந்துரைப்பது ஒரு கலவை: ஜெர்மனிப் பகுதி முழுவதற்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட், சால்ஸ்பர்க்–வியன்னாவுக்குச் சில வாரம் முன்பே வாங்கிய ஸ்பார்ஷீனே. அந்தத் தடத்தில் வெஸ்ட்பான் என்ற தனியார் நிறுவனமும் ரயில் விடுகிறது. விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் டிக்கெட் மற்றதன் ரயிலில் செல்லாது. அரசு ரயில்ஜெட் வியன்னா மத்திய நிலையத்துக்கும், வெஸ்ட்பான் பெரும்பாலும் மேற்கு நிலையத்துக்கும் போகும் என்பதால், விடுதி எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள்.

தங்குவது: முனிச்சா, ஆக்ஸ்பர்க்கா?

முனிச்சில் அறை வாடகை எப்போதுமே கூடுதல். செப்டம்பர் இரண்டாம் பாதியிலேயே தொடங்கும் அக்டோபர்ஃபெஸ்ட் பியர் விழாவின்போதும், வணிகக் கண்காட்சிகள் நடக்கும் நாட்களிலும் அது எட்டாத உயரத்துக்குப் போகிறது. ஒற்றை அறைக்கு இரட்டை அறையின் வாடகையில் பெரும்பகுதியைத் தனி ஆளே கொடுக்க வேண்டியிருப்பதால் இந்தச் சுமை நமக்குத்தான் அதிகம்.

மாற்று, முக்கால் மணி நேர வட்டார ரயில் தூரத்தில் இருக்கும் ஆக்ஸ்பர்க். டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் போக்குவரத்துச் செலவு கூடாது. 1521இல் ஏழைகளுக்காக நிறுவப்பட்டு, இன்றும் ஆண்டு வாடகை 88 சென்ட் மட்டுமே வாங்கும் ஃபுக்கராய் குடியிருப்பு அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கவே நான் ஒருவரை ஆக்ஸ்பர்க்குக்கு அனுப்புவேன். இருந்தாலும் முதல் இரண்டு இரவு முனிச்சில், மத்திய நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே தங்குங்கள். நேர மாற்றத்தால் தூக்கம் கெட்ட உடம்போடு இரவில் ரயில் பிடிக்க வேண்டாம். பிறகு ஆக்ஸ்பர்க் போகலாம்.

ஹாஸ்டலா, ஓட்டலா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: முனிச்சிலும் வியன்னாவிலும் ஹாஸ்டல்; இன்ஸ்புருக்கிலும் சால்ஸ்பர்க்கிலும் பென்ஷன் எனப்படும் சிறு குடும்ப விடுதி. பெரிய நகரத்து ஹாஸ்டல்களில் பெண்களுக்கான தனி அறைகளும் பூட்டுப் பெட்டிகளும் உண்டு. பேச்சுத் துணையும் கிடைக்கும். உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி 1912இல் ஜெர்மனியின் ஆல்டேனா கோட்டையில்தான் திறக்கப்பட்டது. அந்த நாட்டுக்கு இது பழகிய கலை. பென்ஷனில் காலை உணவும், ஊரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு மனிதரும் இருப்பார்கள். ஒன்று, அங்கே இரவில் வரவேற்பில் ஆள் இருக்கமாட்டார்; தாமதமாக வருவீர்கள் என்றால் முன்பே எழுதிவிடுங்கள்.

தனியாகச் சாப்பிட உட்காருவது

பயண நூல்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் தனியாகப் போகிறவர் அதிகம் கூச்சப்படும் இடம் உணவகம்தான். இரண்டு நாடுகளும் இதற்கு இரண்டு அருமையான விடைகளை வைத்திருக்கின்றன.

முனிச்சின் பியர் தோட்டங்களில் நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதுதான் வழக்கம். "இங்கே இடம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். மேசைமேல் ஷ்டாம்டிஷ் என்று பலகை இருந்தால் மட்டும் தள்ளிப் போங்கள், அது வாடிக்கைக்காரர்களுக்கு. மேசைவிரிப்பு இல்லாத சுயசேவைப் பகுதியில் உங்கள் உணவை நீங்களே கொண்டுவரலாம், பானம் மட்டும் அங்கே வாங்கினால் போதும். சைவம் உண்பவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. மது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்பிள்ஷோர்லே இருக்கிறது.

வியன்னாவின் காபிக் கடை இதற்கு நேர் எதிர். அங்கே தனிமைக்கு மரியாதை. ஒரு மெலாஞ்ச் காபி சொன்னால் வெள்ளித் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரோடு வரும். இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். அந்தத் தண்ணீர் 1873இல் கட்டிய குழாய்ப் பாதையில் தொடங்கி, இன்றுவரை ஆல்ப்ஸ் ஊற்றுகளிலிருந்து வருவது. பயணத்தின் முதல் பாதியில், மனிதர்களைத் தேடும் நாட்களில், முனிச்சும், எல்லாவற்றையும் மனத்தில் அடுக்கிப் பார்க்கும் கடைசி நாட்களில் வியன்னாவும் வருவதால்தான் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாடுகளிலும் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சிறு உணவகங்களில் ரொக்கம் மட்டும் வாங்குகிறவர்கள் இன்னும் உண்டு.

ஹால்ஸ்டாட்டா, கோனிக்ஸே ஏரியா?

சுமார் 750 பேர் வாழும் ஆஸ்திரிய ஏரிக்கரைச் சிற்றூரான ஹால்ஸ்டாட்டுக்குப் பருவ காலத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர்வரை வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் 2023இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. படகு ரயில் நேரத்தை ஒட்டி ஓடி, மாலையில் சீக்கிரம் நின்றுவிடும். பகல் நேரப் பயணமாகப் போகிறவர் கூட்டத்தையும் கடிகாரத்தையும்தான் பார்த்துவிட்டு வருவார். ஓர் இரவு தங்க முடியுமானால் போங்கள். முடியாவிட்டால், சால்ஸ்பர்க்கிலிருந்து பஸ்ஸில் பெர்ஷ்டெஸ்காடன் போய், அங்கிருந்து கோனிக்ஸே. அது ஜெர்மனிக்குள் இருக்கிறது. 1909 முதல் மின்படகுகள் மட்டுமே ஓடும் ஏரி. நடுவில் படகை நிறுத்தி ஊதுகொம்பு வாசிப்பார்கள், பாறைச் சுவர் அதைத் திருப்பிச் சொல்லும். அங்கும் கூட்டம் உண்டு, ஆனால் காலை முதல் படகில் ஏறினால் தப்பிக்கலாம்.

எந்த மாதம், எந்தத் தூதரகம்?

டிசம்பரின் கிறிஸ்துமஸ் சந்தைகளின் அழகு உண்மையானது. ஆனால் வியன்னாவில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். புதிய ஊரில் தனியாக வழி தேடுகிறவருக்கு அது பெரிய குறை. ஜூனில் ஒன்பது மணிவரை வெளிச்சம். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை இசை விழாவால் சால்ஸ்பர்க் விலையேறிக் கிடக்கும். ஆகவே ஜூன், அல்லது செப்டம்பர் முதல் இரண்டு வாரங்கள்.

விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதை இரவுகளின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. அதிக இரவு தங்கும் நாடே பொறுப்பு. இரண்டும் சமமானால் முதலில் நுழையும் நாடு. முனிச்சிலும் ஆக்ஸ்பர்க்கிலும் ஐந்து, ஆஸ்திரியாவில் ஏழு என்று வந்தால், பிராங்க்பர்ட்டில் இறங்கினாலும் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்குத்தான். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நேர்காணல் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் கோடைக்கு முன், அந்த ஆறு மாதத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். விசா கையில் வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். ஸ்பார்ஷீனே அதற்குப் பிறகு.