கூட்டு டெண்டருக்கு ஆவணம் தயாரித்துத் தரும் ஓர் ஆலோசனை அலுவலகம்: எங்கள் அனுபவம்

ரயில்வேயின் கட்டடப் பணி ஒன்றுக்கு நானும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவரும் கூட்டாக டெண்டர் போடுவதென்று முடிவானதும், ஆவண வேலை முழுவதையும் திருச்சியில் உள்ள ஓர் ஆலோசனை அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதுவது முதல் பணி ஆணைக்குப் பிந்தைய பதிவுகள் வரை 45,000 ரூபாய் கேட்டார்கள். முத்திரைத்தாளும் பதிவுச் செலவும் தனி.

கூட்டாக வேலை எடுக்க எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே உரிமம் என்று எதுவும் நம்மிடம் கிடையாது. எந்தத் துறையில் டெண்டர் போடுகிறோமோ அந்தத் துறையின் நிபந்தனைதான் உரிமத்தின் இடத்தில் நிற்கிறது. ரயில்வேயில் அது 2022ஆம் ஆண்டுப் பொது ஒப்பந்த நிபந்தனைகளின் 17ஆம் பிரிவு. அதன்படி, பணி ரயில்வேக்குள் கட்டுமானம், மின்சாரம் போன்ற ஒரே ஒரு பிரிவைச் சார்ந்ததாக இருந்தால் 3 பேருக்கு மேல் சேரக்கூடாது, தலைமை உறுப்பினரின் பங்கு குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், 3 பேர் வரையுள்ள கூட்டில் மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். கூட்டில் சேர்ந்தவர் அதே டெண்டருக்குத் தனியாகவோ வேறு கூட்டிலோ போட்டியிடவும் முடியாது.

இந்த அலுவலகம் சறுக்கியது இங்கேதான். பணமும் இயந்திரங்களும் பெரும்பாலும் என்னுடையவை என்பதால் பங்கு 85க்கு 15 என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தோம். அதை அப்படியே தட்டச்சு செய்து முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவு நிபந்தனைகளை நானே புரட்டிப் பார்த்திராவிட்டால், அந்த 15 என்ற ஒரே எண்ணால் எங்கள் டெண்டர் தள்ளுபடியாகியிருக்கும். மறுநாள் காலையில் 70க்கு 30 என்று மாற்றி, புதிய முத்திரைத்தாளின் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நாங்கள் காசு கொடுத்தது தட்டச்சுக்கு அல்லவே.

அதே அலுவலகத்தின் மூத்த ஆலோசகர் வரி விஷயத்தை விளக்கிய விதம் கொடுத்த பணத்துக்குத் தகுந்ததாக இருந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2016ஆம் ஆண்டு 7ஆம் எண் சுற்றறிக்கையின்படி, வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை மொத்தமாக எடுக்கும் பணிகளில், ஒவ்வொரு உறுப்பினரும் தன் பகுதி வேலையைத் தன் ஆட்களையும் பொருளையும் கொண்டு தானே முடித்து, அதன் லாப நஷ்டத்தையும் தானே ஏற்றால், கூட்டமைப்பைத் தனியொரு வரி செலுத்துபவராகக் கருதுவதில்லை. நாங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாமா என்று என் கூட்டாளி ஆவலோடு கேட்டபோது, ஒரே தள அலுவலகம், ஒரே சிமெண்ட் கிடங்கு, ஒரே மேஸ்திரிக் குழு வைத்து வேலை செய்யப்போகிற உங்களுக்கு அது பொருந்தாது, காகிதத்தில் பிரித்துக் காட்டினாலும் நிற்காது என்று அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் கேட்க விரும்பாததைச் சொல்லும் ஆலோசகர்கள் இந்தத் தொழிலில் குறைவு.

பணி ஆணை வந்த பிறகு கூட்டு ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதில் தாமதம் எதுவும் இல்லை. பான் அட்டையில்தான் சிக்கல் வந்தது. பத்திரத்தில் எங்கள் பெயருக்குப் பின்னால் 'ஜே.வி.' என்றிருக்க, பான் விண்ணப்பத்தில் 'ஜாயிண்ட் வெஞ்சர்' என்று விரித்து எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதை வங்கி மேலாளர் ஏற்கவில்லை. திருத்தம் முடிந்து கூட்டின் பெயரில் கணக்குத் தொடங்குவதற்குள் 11 நாட்கள் போயின, ஜிஎஸ்டி பதிவும் அதனால் தள்ளிப்போனது.

அடுத்த முறையும் ஒப்பந்தம் எழுத இவர்களிடமே போவேன், பங்கு விகிதம் உள்ள பக்கத்தை நிபந்தனையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பேன். பான், ஜிஎஸ்டி விண்ணப்பங்களை மட்டும் எங்கள் ஆடிட்டரிடமே விட்டுவிடுவதாக இருக்கிறோம்.