அண்ணியின் எல்.எல்.ஆரும் ஒரு ஜெராக்ஸ் தாளும்

மூன்று வாரம் குன்னூரில் இருந்துவிட்டு டொராண்டோ திரும்பி நான்கு நாள் ஆகிறது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டி எதுவும் தொலையவில்லை. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. ஒரு டிரைவிங் ஸ்கூலில் அண்ணிக்குக் கொடுத்தனுப்பிய ஒற்றை ஜெராக்ஸ் தாள்தான் இன்னும் மனதை விட்டு இறங்காமல் இருக்கிறது.

அண்ணிக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு எஸ்டேட் அங்கன்வாடியில் வேலை. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலை பஸ்ஸை விட்டால் தேயிலைக் காட்டு வழியாக நடைதான். நான் படிக்கும்போதும் அந்த வழியில் நடந்திருக்கிறேன், ஆனால் அப்போது இத்தனை காட்டெருமை கிடையாது. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே ரோட்டில் வந்து நிற்கிறது. கரடி வேறு. அதனால் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்குவது என்று அண்ணனும் அண்ணியும் முடிவு செய்து, டிரைவிங் ஸ்கூலில் பணமும் கட்டிவிட்டார்கள்.

நான் போன மூன்றாம் நாள், எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத் தேர்வுக்கு எப்படிப் படிக்கிறீர்கள் அண்ணி என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட தாள். கேள்வி என்று ஒன்றுகூட முழுதாக இல்லை. ‘குறுகிய பாலம் – மற்ற வண்டி போனபின்’, ‘ஆம்புலன்ஸ் – வழி’, ‘வெள்ளைத் தடி – நிறுத்து’, ‘விபத்து – 24’. இப்படியே இரண்டு பத்தி. கீழே பேனாவால் ஒரு போன் நம்பர்.

“இதையும் படிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க தம்பி. கேமரா முன்னாடி உட்கார்ந்தா போதுமாம். பதிலை அவங்களே பக்கத்துல இருந்து சொல்லிடுவாங்களாம்” என்றார் அண்ணி. அதில் ஏதோ தப்பு இருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? நான் எல்.எல்.ஆர். வாங்கிய காலத்தில் விடியற்காலை பஸ் பிடித்து ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், குளிரில் கை தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்போம். பிரேக் இன்ஸ்பெக்டர் சார்ட்டில் ஒரு படத்தைக் குச்சியால் தொட்டு, இது என்னப்பா என்பார். பதில் தெரியாவிட்டால் போய்ப் படித்துவிட்டு வா என்பார். அன்றும் புரோக்கர் உண்டு, தெரியும். ஆனால் ஒரு ஆள் எதிரே நின்று கேள்வி கேட்கிறார் என்ற பயத்தில் முந்தின ராத்திரி பத்து சின்னமாவது மனப்பாடம் செய்திருப்போம். இன்று வீட்டில் உட்கார்ந்தே ஆதாரை வைத்து ஆன்லைனில் தேர்வு எழுதலாம், 2024 முதல் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று வசதி வந்திருக்கிறது. மலைக்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு நாள் கூலி மிச்சம். அந்த வசதியை இப்படி வீணாக்குகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நான் ஜி1 என்கிற பழகுநர் உரிமத் தேர்வை எழுதியது நினைவுக்கு வந்தது. அங்கே இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 40 கேள்வி. சின்னங்களில் 20, சாலை விதிகளில் 20. இரண்டிலும் தனித்தனியாக 16 எடுத்தாக வேண்டும். முதல் தடவை சின்னங்களில் எனக்கு 15 வந்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு மதிப்பெண்தானே என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கையேட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இங்கே நூற்றுக்கு அறுபது வாங்கினால் போதும். அந்த அறுபதுக்குமா பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும்?

அண்ணனிடம் சொன்னேன். “பணம் கட்டியாச்சுடா, அவங்க பார்த்துக்குவாங்க. ஒழுங்கா எட்டு போட்டாப் போதாதா?” என்றார். எட்டு போடுவது சமதரையில். அண்ணி வண்டி ஓட்டப்போவது எங்கள் ரோட்டில். மேட்டுப்பாளையம் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி மலைப்பாதையில் 36. எஸ்டேட் ரோட்டில் எத்தனை என்று யாரும் எண்ணவே இல்லை. இந்த ஊரில் எழுத்துத் தேர்வுக்குப் படிக்காமல் வண்டி எடுப்பது உயிரோடு விளையாடுவது. அதைச் சொன்னதும் அண்ணி ஒன்றும் பேசாமல் தாளை மடித்து அடுப்படி ஜன்னலில் வைத்தார். “சரி தம்பி, நீங்க சொல்லிக்கொடுங்க” என்றார்.

நான்கு ராத்திரி படித்தோம். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிய பிறகு, அடுப்படியில்தான். கேள்வித் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். உள்ளடக்கத்தில் குறையே சொல்ல முடியாது. நல்ல கேள்விகள். மொழிதான் கழுத்தைப் பிடிக்கிறது. ‘எதிர்த்திசையிலிருந்து வரும் வாகனங்களை எப்பக்கமாகக் கடந்து செல்ல அனுமதிக்க வேண்டும்’ என்று படித்ததும் அண்ணி விழித்தார். இரண்டு டம்ளரை எடுத்து மேடையில் எதிரெதிராக நகர்த்தினேன். இது நீங்கள், இது பஸ். பஸ் உங்களுக்கு எந்தப் பக்கமாகப் போகிறது? “சோத்துக்கைப் பக்கம்.” அவ்வளவுதான் கேள்வி. பதினோரு வருடமாக வலது ஓரத்தில் ஓட்டிப் பழகியவன் நான் என்பதால் ஒவ்வொரு தடவையும் டம்ளரை நகர்த்துமுன் ஒரு நிமிடம் யோசித்துத்தான் நகர்த்தினேன்.

அப்புறம் மலைப்பாதைக் கேள்வி வந்தது. குறுகலான மலை ரோட்டில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் யாருக்கு வழி விட வேண்டும்? அண்ணி யோசிக்காமல், “மேலே போற வண்டி நிக்கணும், கீழே வர்ற வண்டியைப் பிடிச்சு நிறுத்த முடியாதில்ல” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி நேர் எதிர். முறத்தை எடுத்து அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தேன். ஏறுகிற லாரியாகக் கடுகு டப்பா. பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுக்கும்போது என்ன ஆகும்? டப்பாவை விட்டேன், பின்னால் உருண்டது. அதன் பின்னால் வரும் வண்டியின் கதி? அதனால்தான் இறங்குகிறவர் ஓரம் கட்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாத வேகத்தில் இறங்குவதே தப்பு.

அண்ணி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம பஸ் டிரைவர் ஏறும்போது ஜீப்காரங்களை எல்லாம் திட்டுவாரே, அது இதுக்குத்தானா?” என்றார். அதற்குத்தான். இருபது வருடமாக அந்த பஸ்ஸில் போகிற ஆளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்த ஜெராக்ஸ் தாளில் இந்தக் கேள்விக்கு நேராக ‘மலை – ஏறும்’ என்று இரண்டே சொல் இருந்தது. அதைப் படித்தவருக்கு ஏறுகிறவன் நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்பது எப்படிப் புரியும்?

அன்று ராத்திரி முழுக்க இறக்கத்தைப் பற்றியே பேசினோம். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பலர் இங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் பிடிப்பு குறைவு, பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அதனால் தொடக்கத்திலிருந்தே மெதுவாக, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்க வேண்டும்.

சின்னங்களில் அண்ணி என்னைவிட வேகம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல் என்று ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வட்டம், சதுரம் சொல்லிக்கொடுக்கிறவர் அல்லவா! கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம், பாறை விழும் இடம், வழுக்கும் சாலை எல்லாம் தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிற பலகைகள். ஹார்ன் படத்தில் மட்டும் நான் தடுமாறினேன். நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும், சிவப்பு வட்டத்தில் கோடு போட்டிருந்தால் அடிக்கக் கூடாது. டொராண்டோவில் ஹார்ன் அடித்தால் வைததாக எடுத்துக்கொள்வார்கள், நான் அடித்து மாதக்கணக்காகும். இங்கே வளைவில் அடிக்காமல் திரும்பினால்தான் குற்றம். மூடுபனி நாளில் அந்த ஒலி ஒன்றுதான் எதிரே வருகிறவருக்குத் துணை.

ஆளில்லாத ரயில்வே கேட் கேள்வி அண்ணிக்கு ரொம்பப் பிடித்தது. வண்டியை இடது ஓரம் நிறுத்தி, இறங்கி, தண்டவாளம் வரை நடந்து போய், ரயில் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். “எங்க அப்பா மாட்டை ஓட்டிக்கிட்டு மலை ரயில் லைனைத் தாண்டும்போது இப்படித்தான் செய்வார்” என்றார். ‘விபத்து – 24’ என்பதற்கும் அர்த்தம் சொன்னேன். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். தாளில் ஆஸ்பத்திரியே இல்லை.

ஐந்தாம் நாள் தேர்வு. டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, வீட்டிலேயே எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னோம். அவர்களுக்கு மனசே இல்லை. என் லேப்டாப்பை மேஜையில் வைத்து, சாலைப் பாதுகாப்பு வீடியோவை முழுதாகப் பார்த்து முடித்தோம். அதன் பிறகுதான் தேர்வு திறக்கும். நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் அண்ணி கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. “முகம் தெரியலைன்னு சொல்லிச் சொல்லி நிறுத்திடுச்சு தம்பி.” அண்ணிக்கு ஒரு பழக்கம், யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் கூரையைப் பார்த்திருக்கிறார். வெளியே பனி இறங்கி அறை வேறு இருட்டாகிவிட்டது. பக்கத்தில் ஆளை வைத்துப் பதில் சொல்ல வைக்கிறவர்கள் கேமராவைத் தாண்டிப் போகிறார்கள். தானே யோசித்து எழுதியவர் கூரையைப் பார்த்ததற்காக மாட்டிக்கொண்டார். இதைவிட அநியாயம் இருக்கிறதா? அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுதேர்வுக்கு 50 ரூபாய். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சொன்னபடி கேட்டிருந்தால் இது தேவையா என்று அண்ணன் சொல்லப் பார்த்தார், அண்ணியே நிறுத்தினார். “இருங்க, நான் எழுதறேன்.” மறுநாள் மதியம், வெயில் இருக்கும்போதே, ஜன்னலைப் பார்த்து மேஜையைத் திருப்பிப் போட்டோம். லேப்டாப் திரைக்கு மேலே, கேமராவுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். யோசிக்க வேண்டுமென்றால் அதைப் பார்த்து யோசிப்பதாம். அங்கன்வாடியில் படம் எடுக்கும்போது பிள்ளைகளை நேராகப் பார்க்க வைக்க இப்படித்தான் செய்வாராம்.

இரண்டே கேள்வி தவறு. மலைப்பாதைக் கேள்வி வந்ததாம். “முறம் கண்ணு முன்னாடி வந்துச்சு தம்பி” என்றார்.

சாயங்காலமே கடைக்குப் போய் எல்.எல்.ஆரைப் பிரிண்ட் எடுத்தோம். ஆறு மாதம் செல்லும். எல் போர்டு நானே செய்தேன். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளை அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம். விதியில் இருக்கிற அளவு, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தெருவில் ஓடுகிற வண்டிகளில் பாதியில் இந்த எல் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது, பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

முப்பது நாள் கழித்துத்தான் எட்டு போடப் போக முடியும். ஒன்டாரியோவில் ஜி1 வாங்கினால் ரோடு டெஸ்ட்டுக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் எட்டு. முப்பது நாள் இந்த மலைக்குக் குறைவு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு மாதமாவது ஓட்டிப் பழகட்டும், அவசரம் வேண்டாம் என்றேன். இந்தத் தடவை அண்ணன் மறுத்துப் பேசவில்லை.

நேற்று போன் செய்தேன். அண்ணன் பின்னால் உட்கார, வண்டிச்சோலை வரை போய் வந்தார்களாம். இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் ஏறி வந்திருக்கிறது. அண்ணி ஓரம் கட்டி நின்றிருக்கிறார்.

“டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போனார் தம்பி. நம்ம பஸ்தான்.”